துணைக்கால்

"கருவி செய்யறேன்னு வந்தா நிதி குடுக்கலாம். நீங்க கேள்வி கேக்கறேன்னு வந்திருக்கீங்களேம்மா!" என்றார் பொறியாளர்.

தங்கை மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மதியம் மூன்று மணி. வெளியே மழை பிடித்திருந்தது. வெளிர்நீலத் திரை மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. மூலையில் ஒரு மீன் தொட்டி. அறையே தொட்டிக்குள் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

'மூளைக் கருவிகளும் அறமும்: ஆய்வு நிதித் தேர்வு' என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒரு ஆய்வுக்குத்தான் நிதி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர், பொறியாளர், வக்கீலம்மா.

இந்தப் பக்கம், தங்கைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அக்கா. கம்பளித் தொப்பி, வெளிச்சம் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. இரண்டு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அக்காவின் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. தலையில் மாட்டும் பட்டை மூளையின் சிக்னலைப் படிக்கும். நாற்காலியின் கைப்பிடியில் இருக்கும் சின்னப் பெட்டி அதை அக்காவின் பழைய குரலில் பேசும்.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்ததாம்மா?" தலைவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி ஓட்டின வண்டியில வந்து உயிரோட உக்காந்திருக்கேனே, அது போதாதா சார்?" என்றது பெட்டி.

மூவரும் சிரித்துவிட்டார்கள்.

தங்கை திடுக்கிட்டுப் பாதி எழுந்தாள். "சார், அக்கா இன்னும்..."

அவள் குரல் அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போனது. நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"உட்காருங்க, உட்காருங்க. சரி, உங்க கேள்விதான் என்ன?" என்றார் தலைவர்.

"பெட்டி சொல்றது அக்கா சொன்னதுதானான்னு... ஒரு நாள் 'டீ வேணுமாக்கா'ன்னேன் சார். பெட்டி 'வேணும்'னுச்சு. ஸ்பூன்ல குடுத்தா, கன்னத்தை உப்பி என் மூஞ்சியிலயே துப்பிட்டா. அவ நினைச்சது 'வேணாம்'. அப்புறம் ரெண்டையும் எழுதிப் பார்த்தேன். 'ணு' போய் 'ணா' வருது, ஒரு துணைக்கால்தான் சார் வித்தியாசம்."

"ஒரு துணைக்காலுக்கு ரெண்டு வருஷ நிதியா?" பொறியாளர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். "சிக்னல் மங்கலா இருந்தா, அவங்களோட பழைய பேச்சை வெச்சுப் பெட்டி தானா நிரப்பிக்கும். அது கோளாறு இல்லம்மா, வசதி. நூத்துக்குத் தொண்ணூறு சரியா இருக்கும்."

"மீதி பத்து?" என்றார் வக்கீலம்மா.

"உங்க வீட்டுக்காரர் நீங்க சொல்றதுல நூத்துக்குப் பத்தாவது புரிஞ்சுக்கறாரா மேடம்?"

வக்கீலம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா எனக்கும் அக்காவுக்கும் சண்டையே வரல மேடம்" என்றாள் மெதுவாக.

"நல்ல விஷயம்தானே?"

"எங்க அக்காவைத் தெரிஞ்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. டம்ளரை இடம் மாத்தி வெச்சா மூணு நாள் பேச மாட்டா. என்னை 'மக்கு'ன்னுதான் கூப்பிடுவா. பெட்டி 'செல்லம்'ங்குது. முதல்ல கேக்க இனிப்பா இருந்தது. இப்போ... என் அக்கா உள்ளே எங்கயோ கத்திக்கிட்டு இருக்காளோன்னு பயமா இருக்கு. இந்த மாதிரி நாப்பது பேர் வீட்டுக்குப் போகணும் மேடம். பெட்டியை அணைச்சுட்டு, இமையை அசைக்கச் சொல்லிக் கேக்கணும். இது நீங்க சொன்னதான்னு. அதுக்குத்தான் நிதி."

தொட்டியில் ஆரஞ்சு மீன் ஒன்று திரும்பி, வந்த வழியே போயிற்று. ஏ.சி.யின் முனகல் தாலாட்டுப்போல் கேட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்? அவங்களே இருக்காங்களே, கேட்டுடலாம்." அக்காவின் பக்கம் குனிந்தார். "அம்மா, உங்க தங்கச்சி சொன்னதைக் கேட்டீங்கள்ல? இந்த ஆராய்ச்சி வேணுமா, வேணாமா?"

"வேணாம் சார்." பெட்டியின் குரல் தூறலோடு தூறலாகக் கலந்து வந்தது. "என் மனசுல இருக்கறதைத்தான் இது பேசுது. செல்லத்துக்கு என்மேல பாசம் அதிகம், அதான் பயப்படறா. அந்த நிதியை வேற நல்ல காரியத்துக்குக் குடுங்க."

வக்கீலம்மா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். 'இதற்குமேல் என்ன?' என்பதுபோல் பொறியாளர் இரு கைகளையும் விரித்தார்.

"சம்பந்தப்பட்டவங்களே சொன்னப்புறம் நாம என்னம்மா செய்ய முடியும்?" தலைவர் பேனாவைத் திறந்து, தங்கையின் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

தங்கை கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பட்டை ஒன்றை எடுத்து, அந்த விண்ணப்பத்தின்மேல் வைத்தாள்.

"என்னம்மா இது, இன்னொரு பட்டையா?"

"ஒண்ணுதான் சார் இருக்கு."

எழுந்துபோய் அக்காவின் கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். இமைகள் மூடியிருந்தன. உதடு லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"அக்கா வண்டியிலயே தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. பட்டையை நான் இன்னும் மாட்டவே இல்ல சார்."

"யாரு, நானா?" என்று சிரித்தது பெட்டி. "முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன், செல்லம்!"