பிஸ்கட் டப்பாவின் குடித்தனக்காரர்கள்

நான் ஒரு பிஸ்கட் டப்பா. எனக்குள் பிஸ்கட் இருந்து பல வருஷம் ஆகிறது. இப்போது அங்கன்வாடி டீச்சர் மரியபுஷ்பத்தின் பிரஷர் மாத்திரைகள்தான் என் குடித்தனக்காரர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் தரும் ரோஸ் மாத்திரைகள்.

ஒருநாள் வெள்ளை மாத்திரை அட்டை ஒன்று உள்ளே வந்து விழுந்தது. மிஞ்சியிருந்த ஒரே ரோஸ் மாத்திரை அதை ஏற இறங்கப் பார்த்தது.

“யாருப்பா நீ? வழி தவறி வந்துட்டியா?”

“உங்க வேலைக்குத்தாங்க வந்திருக்கேன். இந்த வருஷம் டெண்டர் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. என் முதுகுல படிச்சுப் பாருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே பவர்.”

“பேரை யாரு படிக்கிறா? டீச்சருக்கு ரோஸ்தான் மருந்து.”

அது சொன்னபடியே ஆயிற்று. ரோஸ் தீர்ந்து மூன்று நாளாகியும் டீச்சர் வெள்ளையைத் தொடவில்லை. நாலாம் நாள் தலை சுற்றவே, என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மருந்து தரும் கமருன்னிசா என்னைத் திறந்து, காலி ரோஸ் அட்டையையும் வெள்ளை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“பேரை வாசிங்க டீச்சர்.”

டீச்சர் எழுத்துக்கூட்டி வாசித்தார். அங்கேயே ஒன்றை விழுங்கினார். சில வாரங்களில் பிரஷர் சமர்த்தாக இறங்கிவிட்டது. வெள்ளைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். “எனக்கு வெள்ளைதானே ஒத்துக்கும்!”

என் மூடி திறந்தது. மஞ்சள் அட்டை ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே இறங்கியது.

வெள்ளை அதை ஏற இறங்கப் பார்த்தது.

“யாருப்பா நீ? வழி தவறி வந்துட்டியா?”