கறை எடுக்கும் முறை

பெருந்துறைச் சலவை ஆலையில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய இயந்திரத்துக்கு நவமணிதான் புரோகிராம் போட்டவள். இரத்தக்கறை போக எவ்வளவு குளிர்ந்த தண்ணீர் வேண்டும், எத்தனை நிமிடம் ஊற வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்று எட்டு மாதம் பார்த்துப் பார்த்து அமைத்தாள். ஆலை அந்த முறையைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு, அவள் மணிக்கட்டில் கழற்ற முடியாத பட்டையொன்றை மாட்டியது. வெளியே அதை அவள் செய்யவும் கூடாது, சொல்லித்தரவும் கூடாது.

அன்று மகள் யாழிசை பள்ளியிலிருந்து பாதியில் அழுதுகொண்டே வந்தாள். வயதுக்கு வந்திருந்தாள்.

நவமணி அவளை அணைத்துத் தேற்றினாள். கறைபட்ட வெள்ளைச் சீருடைப் பாவாடையை வாங்கிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தியதுமே பட்டை அதிர்ந்து பேசியது.

"ஆலைக்குச் சொந்தமான முறை. தொடர்ந்தால் வேலைநீக்கம்."

யாழிசை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படின்னு சொல்லும்மா, நானே தொவைச்சுக்கறேன். நாளைக்கும் இதத்தானே போடோணும்?"

"மொதல்ல..." என்று நவமணி வாயெடுத்தாள். பட்டை மறுபடி அதிர்ந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சூடு பட்டால் இரத்தம் நூலோடு ஒட்டிவிடும், பிறகு எதற்கும் போகாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பாவாடையைத் தண்ணீரிலிருந்து பிழிந்தெடுத்து, அந்த வெந்நீரை அதன்மேல் ஊற்றினாள். பட்டை பேசாமல் இருந்தது.

கறை பழுப்பாகிப் படிந்தது.

"போகலியேம்மா."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கண்ணு," என்றாள் நவமணி.