பதிலளித்தவர் எண் ஒன்று

நாற்பத்தோராவது ஸ்லைடில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியதும், முதல் வரிசையில் இருந்த பேராசிரியர் தன்னை மறந்து தலையாட்டினார்.

அது அவர் கட்டுரையால் ஏறிய கோடு.

அரசு அலுவலகங்கள் கணினிக்கு மாறிய கதையை உலகம் எப்படி ஆராய்ந்தது என்பதுதான், ஸ்லைடுகளைக் காட்டிக்கொண்டிருந்த அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இருபது வருடம், ஆயிரத்து நூற்று இருபத்தாறு கட்டுரைகள். நான்கு வருடமாக அவற்றோடுதான் அவளுக்குக் குடித்தனம் என்று கணவன் கிண்டல் செய்வான்.

ஆரம்பத்தில் எல்லோரும் இணையதளம் அமைப்பதைப் பற்றி எழுதினார்கள். பிறகு மக்கள் திருப்தி. இப்போது செயற்கை நுண்ணறிவு. காற்றடித்த பக்கமெல்லாம் கட்டுரைகளும் சாய்ந்திருந்தன.

திருப்தி என்ற காற்றைக் கிளப்பிவிட்டது ஒரே ஒரு கட்டுரை. அரசின் இலவச மருந்து அட்டை வழங்குவதைக் கணினிக்கு மாற்றிய பிறகு, தொண்ணூற்றாறு சதவீதம் பேருக்குத் திருப்தி என்று கண்டுசொன்ன கட்டுரை. எழுதியவர் இதே பேராசிரியர், அவளுடைய வழிகாட்டி. பின்னால் வந்த முந்நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைரேகை சரியாக விழாமல், அட்டை வாங்காமலே திரும்பிப் போனவர்களை அந்தக் கட்டுரை எந்தக் கணக்கில் சேர்த்தது என்று கேட்டார்.

பேராசிரியர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை. துறையில் அடுத்த மாதம் காலியாகப் போகும் இடத்தைப் பற்றி நேற்றுதான் அவளிடம் அன்பாகப் பேசியிருந்தார்.

"அந்த ஆய்வுல அப்படி யாரும் பதிவாகலை, மேடம்" என்றாள் அவள்.

பொய் இல்லை.

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். பேராசிரியர் நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். கால் மணி நேரத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முனைவர் ஆகிவிட்டாள்.

யாரும் பதிவாகவில்லை என்பது கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதல்ல.

பதினோரு வருடத்துக்கு முன், அந்த ஆய்வுக்காக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஒன்பதாவது கேள்விக்கு மூன்றே பதில்கள். முழுத் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அட்டையே கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, எதையாவது தொட்டுவிட்டு மேலே போம்மா, வேலை முடியட்டும் என்றார் பேராசிரியர்.

முதல் நாள், கை பழகட்டும் என்று அவள் தன் வீட்டிலிருந்தே தொடங்கினாள்.

அம்மா அன்று மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்ட அந்த விரல்களை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அட்டை இல்லாமல் இன்சுலின் தரமாட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் முதலில் கால் போனது. அப்புறம் அம்மாவே போய்விட்டாள்.

அன்று அம்மா தரையில் உட்கார்ந்து, காலில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது கேள்வியில் மகள் விரலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அம்மா அதைக் கவனித்தாள்.

"உன் வேலைக்கு எது நல்லதோ அதைப் போட்டுக்கோ, கண்ணு."

அவள் முழுத் திருப்தியைத் தொட்டாள்.

அடுத்த பக்கம் திறந்தது.