மக்காதது

நல்லசாமி இரும்புக் கம்பியை எருக்குழிக்குள் சொருகிவிட்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

பழனியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகாத கிராம சேவக். கவுஞ்சி மலைக் குளிருக்குப் பயந்து இரண்டு மப்ளர் சுற்றியிருந்தார். வாயை மட்டும் எதுவும் மூடவில்லை.

ஞானவேல் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தான்.

பி.ஏ. படித்தவன் வீட்டுக் குழிதான் பி.டி.ஓ.வுக்குக் காட்ட லாயக்கு என்று இவருக்கு யார் சொன்னார்களோ. பூண்டுத் தோலும் முட்டைக்கோஸ் இலையும் சாணித் தண்ணீரில் அழுகுவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று சர்க்கார் நினைக்கிறது போலும்.

நல்லசாமி கம்பியை உருவி, நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூடே இல்ல சார். நல்லா வெந்து ஆறிப்போச்சு. இன்னைக்கே திறந்துருவம்."

"திறக்க வேண்டாம்."

"சாயங்காலத்துக்குள்ள பி.டி.ஓ. ஜீப் வந்துரும் சார். ஊருக்குள்ள வேற ஒரு வீட்லயும் குழி இல்ல. என் சோலியே இதுலதான் கெடக்கு."

ஞானவேல் சிரிக்கவில்லை. ஒரு மனிதரின் உத்தியோகம் அழுகிய குப்பையின் மேல் நிற்கிறது. அதை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சமும் இல்லை.

அடுத்த வீட்டுக் குப்பம்மாள் அதற்குள் கூடையோடு வேலி தாண்டி வந்துவிட்டாள். உருளைக்கிழங்கு நடுகிற சமயம். ஓசி எரு என்றால் அவளுக்குச் சாமியே வந்துவிடும்.

"மூடி வச்சு என்ன தம்பி செய்யப் போற? படிச்சவுக எருன்னு கண்ணாடிப் பெட்டில வச்சுக் கும்பிடப் போறியா?"

அவன் வாய் திறப்பதற்குள் நல்லசாமி மண்வெட்டியால் மேல்மெழுக்கை உடைத்துவிட்டார். சாணியும் செம்மண்ணும் குழைத்து ஞானவேலே பூசி மூடியது. ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது.

நாற்றம் இல்லை. மழை விட்ட சோலைக்காட்டின் வாசனை.

"அடுக்கடுக்கா அருமையாப் போட்டிருக்கீங்க சார்."



நல்லசாமி குனிந்து எதையோ எடுத்தார். விரல் நுனியில் தொங்கவிட்டு முகம் சுளித்தார்.

விரலில் சுற்றி முடிச்சுப் போட்ட தலைமுடிச் சுருள்.

பக்கத்திலேயே இன்னொன்று. மண்வெட்டி புரட்டிய இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாய்க் கிடந்தன. தோல், இலை, சாம்பல் எல்லாம் ஒரே மண்ணாகிவிட்டது. இவை மட்டும் சீப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தன.

நல்லசாமி சிரித்தார்.

"இதுக்குத்தான் பொம்பளைங்க கையில குழிய விடக்கூடாதுங்கறது. முடி லேசுல மக்காது சார். வீட்ல சொல்லி வைங்க, இனிமே போட வேண்டாம்னு."

குப்பம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"வாய மூடுங்க சாமி," என்றாள் மெதுவாக. "தம்பி பொஞ்சாதி, அந்தப் புள்ள, ஐப்பசியிலயே போய்ச் சேர்ந்துருச்சு."

நல்லசாமியின் முகம் மப்ளருக்குள் போய்விட்டது. இனி ஆறுதல் சொல்லத் தொடங்குவார். ஊரே சொல்லித் தேய்ந்த அதே வார்த்தைகளை.

ஞானவேல் மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

மூடிய அன்று மேலாகக் கிடந்ததை மட்டும்தான் பார்த்திருந்தான். இத்தனை இருக்கும் என்று தெரியாது.

காய்ச்சல் விடாத மாதங்களின் அடுக்கு அது. வாரும்போதெல்லாம் கைப்பிடியாய் வந்ததை, வீட்டுக்குள் பறந்தால் சண்டை வரும் என்று சுருட்டிச் சுருட்டி, அடுப்படிக் குப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிறாள் தமயந்தி. காய்கறித் தோல் கொட்டப் போகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

வெட்டி வெளியே எறிந்தான். அதற்குக் கீழே நாலைந்து சுருள்கள்.

அதற்கும் கீழே ஒன்று. நூல் கனம்.

"விடுங்க சார், நான் வெட்டுறேன்." நல்லசாமியின் குரல் மேலே எங்கோ கேட்டது.

வளைவில் ஜீப் உறுமியது. ஞானவேல் நிமிரவில்லை. வேகமாக வெட்டினான்.

அடிமண் தட்டுப்பட்டது. காய்ச்சலுக்கு முன்னால் அவள் முதன்முதலில் கொட்டிய அடுக்கு. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கிளறிப் பார்த்தான்.

ஒரு முடிகூட இல்லை.

அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.