ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர்

"இருபதுக்கு ஆறு! நீ தேறவே மாட்டேடி, ஆமை!"

டீச்சர் தன் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். எழுந்து போக வேண்டிய வேலையே இல்லை. வகுப்புக்குக் கம்ப்யூட்டர்கள் வந்ததிலிருந்து கணக்குக் கேட்பது, திருத்துவது, மார்க் போடுவது எல்லாம் அவைதான். ஒரு கேள்விக்கு இருபது விநாடி. யார் கெட்டி, யார் மக்கு என்பது டீச்சரின் திரையில் பச்சையும் சிவப்புமாக வந்து விழும்.

ஒரு மாதமாக அந்தப் பெண்ணுக்குச் சிவப்புதான். 'ஆமை' என்று பெயர் வைத்ததும் டீச்சர்தான்.

"இனிமே வேகமாப் பண்றேன் மிஸ்."

"பண்ணிக் கிழிச்சது போதும். நாளைலேருந்து நீ 'டி' பிரிவு."

பின்தங்கியவர்களுக்கான பிரிவு. அங்கே கூட்டல் கழித்தலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். ஆமை மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வகுப்பின் கணக்குப் புலி, ஜன்னலோர ஆசையில் ஆமையின் ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தான். இருபதுக்கு ஐந்து!

"என்னடா, அவ இடத்துல உக்காந்தா அவ புத்தி வந்துடுமா?"

"மவுஸ் வேலை செய்யல மிஸ்!" அழுதேவிட்டான்.

டீச்சர் அன்றைக்குத்தான் எழுந்து வந்தாள். தானே உட்கார்ந்து பார்த்தாள். நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை எடுத்தது. அதற்குள் நேரம் முடிந்து அடுத்த கேள்வி வந்து நின்றது. கணக்கில் பட்டம் வாங்கிய டீச்சருக்கு இருபதுக்கு ஏழு.

ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினாள்.

"'டி' பிரிவு லிஸ்ட் மேலிடத்துக்குப் போயாச்சே டீச்சர். இனி மாத்தறதுன்னா அடுத்த வருஷம்தான்."

ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் தன்னால் பாழாகிவிட்டது. டீச்சர் 'டி' பிரிவு வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"மவுஸ் கெட்டிருக்குன்னு ஏம்மா வாயே திறக்கல?"

"மொத நாளே சொல்ல வந்தேன் மிஸ். இடத்த விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னீங்க."

"நீதானே தினமும் முதல்ல வர்ற? வேற கம்ப்யூட்டர்ல உக்கார வேண்டியதுதானே?"

"அப்ப வேற யாராவது அதுல மாட்டிக்குவாங்களே மிஸ். மார்க் குறைஞ்சா அவங்களுக்கு வீட்ல அடி விழும். எங்க வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி மேலும் சொன்னாள்:

"அதோட, நீங்க ஒரு நாளாவது எம் பக்கத்துல வந்து பாப்பீங்கன்னு நெனச்சேன் மிஸ்."