சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி

"நம்ம சீனக் கருங்காலி மேசைக்கு எதிரே போர்த்துக்கீசியக் கண்ணாடியா? இது வீடா, ஓட்டலா?" என்று மனைவியைக் கிண்டல் செய்தார் வெய் கியோங்.

"இந்த மக்காவ் ஊர்ல எந்த வீட்டுலதான் ரெண்டும் கலக்கல? மேசை கண்ணாடியில தெரிஞ்சா சாப்பாடு ரெண்டு மடங்காகும். பேசாம ஆணியை அடிங்க" என்றாள் லாய் பெங்.

பூவேலைப்பாடும் தங்க முலாமுமாக அந்தப் பெரிய கண்ணாடி சுவரில் ஏறியது.

அன்றிலிருந்து மகள் ஹோய் லாம் அதைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும் என்று லாய் பெங் பிடிவாதம் பிடித்தாள். மகளும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். ஆனால் அவள் கிண்ணத்தில் மீன் துண்டை வைக்கும்போதுகூட லாய் பெங்கின் பார்வை அவள்மேல் விழாது, கண்ணாடியிலேயே இருக்கும்.

வெய் கியோங்குக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்கா. அவ முகத்தைப் பார்க்காம அங்க என்னடி பார்வை?"

லாய் பெங் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"அம்மாவைத் திட்டாதீங்கப்பா." ஹோய் லாம் குரலைத் தாழ்த்தினாள். "நான் வலது பக்கம் வகிடு எடுக்கறேன். அக்கா இடது பக்கம் எடுப்பா. ரெட்டைப் பிள்ளைங்க எங்களுக்குள்ள அது ஒண்ணுதானே வித்தியாசம்? இப்போ கண்ணாடியைப் பாருங்க."

வெய் கியோங் நிமிர்ந்து பார்த்தார்.

போன புயல் காலத்தில் அவர் அடக்கம் செய்த மகள், இடது வகிடோடு, கண் கலங்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.