குனியாதவள்

கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்த தம்பி வேடியப்பனைப் பார்த்ததும் பச்சையம்மாளுக்கு நெஞ்சு பகீரென்றது. மரவள்ளி மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிறவன், இப்படிக் கிழிந்த கோணியாகக் கிடக்கிறானே!

"வேடியப்பன் ரெண்டு நாளா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில இருந்துட்டு நேத்துதான் ஊடு திரும்பினான், முதுகு ஆபரேஷன்" என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னதுதான் தாமதம். மீதியைக் கேட்காமலே உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறிவிட்டாள். மலைப்பாதை வளைவுகளில் ஏறி, வெள்ளிமலையில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

தம்பியின் கையைத் தொட்டாள். விரலில் சோற்றுக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. கையைத் துடைத்துவிடக்கூட நாதியில்லையா? அவன் பெண்டாட்டி செவ்வந்தியோ வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"புருஷன் பக்கத்துல செத்த நேரம் குந்தினா இன்னாவாம்?"

"பயப்பட ஒண்ணுமில்ல அண்ணி. முதுகெலும்புல பிதுங்கின ஜவ்வ, சின்ன ஓட்டை போட்டு எடுத்துட்டாங்க. அன்னிக்கே நடக்க வெச்சிட்டாங்க. அவரு..."

"சின்ன ஓட்டைன்னா வலிக்காதா? ஒனக்கு வந்தாத்தான் தெரியும்!"

செவ்வந்தி மறுபடி வாயைத் திறந்தாள்.

"கத்தாத. அவன் தூங்கட்டும்."

பையைப் பிரித்தபோது ஆப்பிள் ஒன்று உருண்டு செவ்வந்தியின் காலடியில் நின்றது. அவள் அதைப் பார்த்தாளே தவிர, குனியவில்லை. மூட்டுவலியோடு பச்சையம்மாள்தான் குனிந்து எடுக்க வேண்டியதாயிற்று. என்ன திமிர்!

குடிக்கத் தண்ணீர் மொள்ளப் போனால் பானை காலி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசக் குழாய்ல கொடம் ரொம்பி வழியுது. தூக்கியாந்தா இன்னா?"

"அவரு எழுந்ததும்..."

"ஆபரேஷன் ஆன ஒடம்பு கொடம் தூக்கணுமா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

செவ்வந்தியின் கண் கலங்கிவிட்டது. வாசலுக்குப் போனாள். சுவரைப் பிடித்தபடி மெல்ல முழங்காலை மடக்கி, குடத்தின் கழுத்தில் கை வைத்தாள்.

சத்தத்தில் விழித்த வேடியப்பன் ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு ஓடினான். குடத்தைப் பிடுங்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"இன்னாக்கா பண்ற? ஆபரேஷன் ஆனதே அவளுக்குத்தான்!"